பீடத்தில் விட்டுவந்த ஹால் டிக்கெட்டுகள்

எவர்சில்வர் தாம்பாளத்தில் நாற்பத்திரண்டு ஹால் டிக்கெட்டுகள், அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு, மேலே தீர்த்தத் துளிகள். ஒரு துளி முதல் சீட்டின் பதிவெண் மேல் விழுந்ததை நான் கடைசி வரிசையிலிருந்தே பார்த்துப் பதறினேன். பதறுவதில் எனக்கு இயல்பாகவே நல்ல தேர்ச்சி உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுப் பிள்ளை நான். மாதா கோயிலுக்குள் கால் வைத்ததே வேலை கிடைத்த பிறகுதான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டையும் பீடத்தில் வைத்துப் பூசை செய்து மந்திரிப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடு என்ற கணக்கெல்லாம் அன்றைக்குக் கிடையாது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய அப்பன்மார் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏனுங்க சார், எம்பையன் சீட்டு அடியில மாட்டிக்கிச்சுங்களா? தீர்த்தம் படலீன்னா கணக்குல போயிருவானுங்க" என்றார். கணக்கு வாத்தியார் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

தலைமையாசிரியராக இருந்த ஃபாதர் அதிகம் பேசமாட்டார். பூசைக்கு முன் என்னிடம், "முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயி பீரோவுல பூட்டிருங்க சார். காலைல பிள்ளைகளுக்குக் குடுத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எடுப்பதில்தான் சிக்கல். எங்கள் ஊர்க் கோயிலில் பூசாரியைத் தவிர யாரும் கருவறைக்குள் போகமுடியாது. தட்டை அவரே கொண்டுவந்து தருவார். அந்தப் பழக்கத்தில் நானும் பீடத்துப் படிக்குக் கீழே பவ்வியமாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மெழுகுவர்த்திகளை அணைத்தார்கள், ஜனம் கலைந்தது, யாரும் எதையும் தரவில்லை. ஃபாதரே எடுத்து வைத்துக்கொள்வார் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, சிங்காநல்லூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

காலை எட்டரைக்கு பீரோ காலி. வெளியே நாற்பத்திரண்டு பேரும் வரிசையில். பத்து மணிக்குப் பரீட்சை. சீட்டு இல்லையென்றால் அத்தனை பேருக்கும் ஒரு வருஷம் போகும். என் வேலையும் போகும். எனக்கு அந்த நேரத்தில் தோன்றிய ஒரே யோசனை, "எல்லாரும் ஒரு செபமாலை சொல்லுங்க" என்பதுதான். அரைமணிக்குள் முடித்துவிட்டார்கள். "இன்னொண்ணு" என்றேன். இரண்டாவது செபமாலையின் பாதியில் வகுப்புத் தலைவி எழுந்து, "சார், இப்பிடியே போனா படிச்சதெல்லாம் மறந்துருமுங்க சார்" என்றாள்.

இதற்கிடையில் கோயிலுக்கு ஓடினேன். பீடம் துடைத்துவைத்ததுபோல இருந்தது. மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கோயில் சாவியை இடுப்பில் வைத்திருக்கும் கோயில்பிள்ளையையும் காணோம். பின்னாலேயே வந்த ஃபாதர், "தாம்பாளம் எங்க?" என்றார். "கோயில்பிள்ளை எடுத்துட்டுப் போயிட்டாருங்க ஃபாதர்" என்றேன். வாய்க்கு வந்த பொய். அது அப்படியே உண்மையாக இருந்ததுதான் வேடிக்கை. வாத்தியார் மறந்துவிட்டாரே என்று அந்த மனிதர் விடியக்காலையில் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, என் அறையைத் தேடிச் சைக்கிளில் சிங்காநல்லூர் போயிருக்கிறார். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஒன்பதே முக்காலுக்கு, வேர்வை சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். ஃபாதர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "யாரக் கேட்டு எடுத்தீங்க? நாப்பத்திரண்டு பிள்ளைக வாழ்க்கைங்க!" கோயில்பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தார். 'சார்தான் விட்டுட்டுப் போனாரு' என்று அவர் சொல்லியிருக்கலாம். "தப்புதானுங்க ஃபாதர்" என்றார். நான் அந்தச் சமயம் பதிவெண்களைச் சரிபார்ப்பதில் மிக மும்முரமாக இருந்தேன்.

பிள்ளைகள் எழுதினார்கள். மத்தியானம் வராந்தாவில் கோயில்பிள்ளை, "மேல ஏறி எடுத்திருக்கலாமுங்களே சார்?" என்றார். ஏறலாமா கூடாதா என்று தெரியவில்லை என்றேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க." அவ்வளவுதான்.

அதன்பிறகு அதை நான் ஒரு நகைச்சுவைக் கதையாக்கிவிட்டேன். ஹால் டிக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றப் போன அப்பாவிக் கோயில்பிள்ளையின் கதை. ஆசிரியர் அறையில், ஆண்டுவிழாவில், வழியனுப்பு விருந்துகளில் எல்லாம் சொன்னேன். ஃபாதரை வைத்துக்கொண்டே ஐந்தாறு முறை சொல்லியிருப்பேன்.

போன வருஷம் பள்ளி விழாவுக்குப் போனேன். ஃபாதர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. கோயில்பிள்ளை தளர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், ஃபாதரிடம் உண்மையைச் சொல்லாமலே விட்டுவிட்டேன் என்று இழுத்தேன்.

"அவருக்குத் தெரியுமுங்களே சார். அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துல சொல்லிப்போட்டேன்."

"என்னன்னுங்க?"

"சார் மேல கோவப்பட்டுப்போட்டேன்னு. எதுக்குன்னு கேட்டாரு. சொன்னனுங்க."

சாமியாரிடம் தனியாகப் பாவத்தை ஒப்புக்கொள்வதுதான் பாவசங்கீர்த்தனம்; அதில் கேட்டதை அவர் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. அதை வைத்து ஒருவரிடம் முகத்தைக்கூட மாற்றிக்கொள்ளக் கூடாது. அந்தப் பள்ளியில் இருந்த வருஷங்களில் இந்த அளவுக்காவது நான் கற்றிருந்தேன். நின்ற இடத்திலேயே, இத்தனை வருஷம் தாமதமாக, ஃபாதரின் சிரிப்பை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். நான் கதை சொல்லும்போதெல்லாம் ஃபாதர் தோள் குலுங்கச் சிரிப்பார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இன்னொருக்காச் சொல்லுங்க சார்" என்பார். கேட்டு அலுக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் உற்சாகமாகி, மறுபடியும் முதலிலிருந்து அதையே சொல்வேன்.