பிரியாணி முடிவதற்குள் மூடிய மெயில்

வியாழக்கிழமை காலை ரெஜினாவின் கணவர் போன் செய்தார். "ரெஜினா போய்ட்டா சார். தூக்கத்துலயே" என்றார். ஆம்பூரில் எங்கள் ஷூ தொழிற்சாலையின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ரெஜினா. எங்கள் மெயில்களுக்கெல்லாம் காவல் அவர்தான்.

அவர் சேர்ந்த புதிதில் என் ஷிப்பிங் பிரிவு முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாதிப் பேர் போய்விட்டால் மற்றவர்கள் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பதில் போட வேண்டுமே! அதனால் சுவரில் தொங்கிய தோல் சாம்பிளின் பின்பக்கம் அதை எழுதி வைத்திருந்தோம். ரெஜினா புரட்டிப் பார்த்தார். "சூப்பர்ணா. கதவையும் தொறந்து வெச்சி, வழியும் எழுதி வெச்சிருக்கீங்க" என்றார். மாலைக்குள் ஆளுக்கொரு பாஸ்வேர்டு வந்தது. அதோடு போனில் வரும் எண்ணையும் போட்டால்தான் மெயில் திறக்கும். பையர் மெயில்கள் மட்டும் எல்லோரும் பார்க்கும் பொதுப்பெட்டிக்குப் போயின.

பிறகு ஒருமுறை, வேலையை விட்டுப் போனவரின் மெயில் கணக்கை மூட எல்லோருமே மறந்துவிட்டோம். யாரோ அதில் புகுந்து, ஆர்டரைச் செய்ய முடியாது என்று பையருக்கு எழுதிவிட்டார்கள். பையர் ஆர்டரை நிறுத்திவிட்டார்; விஷயம் சரியாவதற்குள் தையல் பிரிவுப் பெண்கள் வேலையில்லாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். ரெஜினா அழுதே விட்டார். "இனிமே ஆள் போனா அன்னிக்கே மூடணும்" என்றார்.

ஓய்வு பெற்றோ வேலையை விட்டோ போகிறவருக்கு எங்களிடம் பிரியாணி விருந்து உண்டு. அவர் கை கழுவி வருவதற்குள் ரெஜினா கணக்கை மூடியிருப்பார். "ஒரு நாள் பொறுக்க மாட்டியாம்மா?" என்று ஒருவர் கண்கலங்கினார். "உங்கள சந்தேகப்படலண்ணா. உங்க பேர்ல வேற எவனும் பேசக் கூடாது, அதான்."

கணக்குகளைத் திறக்கவும் மூடவும் உள்ள அட்மின் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது என்று என்னையும் சேர்த்திருந்தார். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுனா நீங்கதாண்ணா மூடணும்." "வாயக் கழுவு" என்று திட்டினேன்.

வியாழன் மதியம் ரெஜினாவின் கணக்கை மூடுவது பற்றிக் கேட்டபோது மேனேஜர், "ஒரு வாரம் போகட்டும்பா" என்றார். எனக்கும் மனசு வரவில்லை. ஆனாலும் மாலைக்குள் மூடினேன். விருந்து இல்லாமல் நாங்கள் மூடிய முதல் கணக்கு அது.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் அவர் கணவர் என்னிடம் வந்தார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து அவ போன்ல ஆபீஸ் மெயில் வரல சார்."

"நான்தான் மூடினேன்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

"அப்ப சரி. லேட் பண்ணியிருந்தா கோவிச்சிக்கினு இருப்பா" என்று சொல்லிவிட்டு அழுதார்.

ரெஜினா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த அட்மின் உரிமைதான். தனியாக வைத்திருக்கக் கூடாதே, இன்று சம்பளப் பிரிவு நசீமாவையும் சேர்த்தேன். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுனா..." என்று ஆரம்பித்தேன்.

"வாயக் கழுவுங்கண்ணா" என்றார் நசீமா.