வெட்டச் சொன்ன சிரிப்பு

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் எனக்கு வாய்த்த உத்தியோகம் பிலிம் வெட்டி ஒட்டுவது. சிரம்பானில் ஒரு பழைய ரப்பர்க் கிடங்கை எங்கள் துரை கூச்சமில்லாமல் ‘லேப்’ என்று அழைத்தார். உள்ளே இருந்த வசதிகளைக் கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். பிலிமைக் கையால் சுற்ற இரண்டு சக்கரம், உற்றுப் பார்க்க விளக்கு வைத்த பெட்டி, ஒரு கத்தரி, ஒரு புட்டி பசை, வெட்டிய துண்டுகளைப் போட ஒரு துணிக்கூடை. ரப்பர்ப்பால் நாற்றம் இலவசம்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு சேராதபடி முள்வேலிக்குள் அடைத்த தோட்டத்து ஜனங்கள் எத்தனை சந்தோஷமாக வாழ்கிறார்கள் என்று காட்ட ஒரு சர்க்கார் படம். பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எடுத்தோம். வெளிச்சம் வேண்டுமென்று உச்சிவெயிலில் பால்மரம் சீவச் சொன்னார் துரை. விடியலில் சீவினால்தானே மரம் பால் விடும்? கடைசியில் டின் பாலைக் கரைத்துக் கோப்பையில் ஊற்றினோம். ஜனங்கள் விறைத்து நின்றார்கள். கேமராவுக்கு நேரே நின்ற ஒரு தொழிலாளி மட்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். படத்திலேயே உருப்படியான சிரிப்பு அது ஒன்றுதான்.

படம் என் மேசைக்கு வருவதற்குள் அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். வேலிக்கு வெளியே வேலைக்குப் போனபோது, தடையை மீறி மதியச் சோறு கொண்டுபோனாராம். காட்டிலிருப்பவர்களுக்குத்தான் அந்தச் சோறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். தனக்கும் பசிக்கும் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. படத்தைச் சரிபார்க்க வந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, “இவன்தான் சார் அந்த ஆளு” என்று பெட்டியில் விரல் வைத்தார். வெட்டு என்றார் துரை. சிரிப்பு கூடைக்குப் போனது.

படத்தை வேனில் கொண்டுபோய் அதே தோட்டத்தில் காட்டினோம். முடிந்ததும் அந்தத் தொழிலாளியின் மனைவி கைக்குழந்தையோடு என்னிடம் வந்தார்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரப் படம் புடிச்சீங்களே, காணோமே?”

“நீளமாப் போச்சுன்னு எடுத்துட்டாங்கம்மா.”

“வீட்ல ஒரு போட்டோகூட இல்லண்ணே. உள்ள போனப்புறம் பொறந்த புள்ள. அப்பன் மூஞ்சியக் காட்டலாம்னு தூக்கியாந்தேன் லா.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாளே கூடையைக் கிளறி, அந்தத் துண்டைப் பழைய இடத்தில் ஒட்டினேன்.

அடுத்த முறை துரையே பெரிய மனிதர்களோடு தோட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். திரையில் அந்தத் தொழிலாளி சிரித்தார். கிராணி பதறி எழுந்து வாயைத் திறந்தார். அதற்குள் துரை தொடையில் தட்டி, இப்படி ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு இதுவரை ஏன் போடவில்லை என்று என்னைக் கேட்டார். வெட்டச் சொன்ன முகம் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. கிராணி திறந்த வாயை மூடிக்கொண்டு பலமாகக் கைதட்டினார்.

இன்னும் இரண்டு இடத்தில் அதே சிரிப்பை ஒட்டச் சொல்லி உத்தரவு. ஒட்டினேன். அதன் பிறகு வேன் போகும்போதெல்லாம் அந்தக் குழந்தை படத்துக்கு மூன்று தடவை அப்பாவைப் பார்த்தது. பேச்சு வந்ததும் திரையைக் காட்டி “அப்பா” என்றது.

அவரைத்தான் அப்போதும் உள்ளேயிருந்து விட்டபாடில்லை.