பன்றி வருடத்துக்காரி

சாம்பவிக்கு இத்தாலியின் பலெர்மோவில் பத்தொன்பது வருடமாக அம்பிகை என்றுதான் பெயர். வேலை செய்கிற வீட்டு சிஞ்ஞோராவுக்கு அவள் அம்பிகை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டையில் அம்பிகை. கட்டிய கணவனுக்கும் பெற்ற மகளுக்கும்கூட அதே பெயர்தான். அம்பிகை அவளுடைய அக்கா. செத்துப்போனவள்.

கதை சின்னதுதான், அசிங்கமானது. விமலராஜ் பலெர்மோவிலிருந்து யாழ்ப்பாணம் போய் அம்பிகையைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டுத் திரும்பினார். ஒரு வருடம் கழித்து அவளுக்கு விசா வந்தது. விமானம் ஏற இரண்டு கிழமை இருக்கும்போது காய்ச்சல் கண்டது, ஐந்தாம் நாள் ஆள் இல்லை. பாஸ்போர்ட் இருந்தது, விசா இருந்தது, அக்காவை உரித்து வைத்த மாதிரி தங்கச்சியும் இருந்தாள். அக்காவின் பெயரில் அவளை அனுப்புவதென்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் விழுந்த சாவை எப்படியும் பதிய வேண்டுமே. அப்பா போய், இறந்தவள் சாம்பவி, வயது பதினெட்டு என்று பதிந்துவிட்டு வந்தார். தன் மரணச் சான்றிதழைத் தன் கையாலேயே மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு அவள் விமானம் ஏறினாள்.

விமலராஜை அவள் முன்பு அக்காவின் கணவர் என்று அத்தான் என்றாள். பிறகு தன் கணவர் என்று அத்தான் என்றாள். அந்த ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மகள் கேசிகா பிறந்து பேச்சு வந்ததும், ஒரேத்தோ தெரு வீட்டின் சாமித்தட்டில் இருந்த அக்காவின் படத்துக்கு அவர் புதுப் பெயர் வைத்தார்: சாம்பவி சித்தி. பிள்ளை பள்ளிக்கூடத்தில் உளறிவிடும் என்ற பயம். பயப்பட வேண்டிய விஷயம்தான், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. ஞாயிறுகளில் புனிதை சந்தா ரொசாலியாவின் மலைக்குப் போகும்போது மட்டும், அங்கே குகைக் கோயிலுக்குள் சாம்பவி வாயைத் திறக்காமல், நான் சாம்பவி என்று சொல்லிவிட்டு வருவாள்.

படம் வரைவதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கை வரும். அது தெரிந்துதான் சிஞ்ஞோரா அவளை அல்பெர்கேரியாவில் இருந்த ஓர் அச்சுப் பட்டறைக்கு அனுப்பினாள். மார்த்தா என்ற பெண் நடத்தியது. அந்தப் பேட்டையைச் சுற்றி வாழும் பன்னிரண்டு நாட்டு ஆட்கள், பன்னிரண்டு சீன ராசி மிருகங்கள். ஆளுக்கொன்றாக, அவரவர் பிறந்த வருடத்து மிருகத்தை வரைந்து, லினோலியத் தகட்டில் செதுக்கி அச்செடுக்க வேண்டும். பெப்ரவரியில் குதிரை வருடம் பிறக்கும் நாளில் கண்காட்சி. விண்ணப்பங்களில் இருந்த வருடங்களைப் பார்த்து மார்த்தாவே ஆட்களைத் தெரிந்தெடுத்திருந்தாள். முதல் சனிக்கிழமை வருட அட்டவணையை எல்லோருக்கும் கொடுத்து, உங்கள் மிருகத்தை வரைந்து கொண்டு வாருங்கள் என்று அனுப்பினாள்.

விண்ணப்பத்தில் அக்கா பிறந்த 1983 என்று அவள் கை தானாகவே எழுதியிருந்தது. எந்த அலுவலகத்தில் கேட்டாலும் கை அப்படித்தான் எழுதும். ஆனால் நீ என்ன மிருகம் என்று இதுவரை ஒரு குவெஸ்தூராப் பொலிஸும் கேட்டதில்லை. அதற்கு அவளிடம் பொய் தயாராக இருக்கவில்லை. அன்று பஸ்ஸில் உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்தபோது விரல் நேரே தான் பிறந்த 1988க்குப் போனது. டிராகன்.

அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்து எத்தனையோ காலம். கோயில் தோரணத்தில் பார்த்த மகரத்தின் வாயையும், பாரை மீனின் செதிலையும் சேர்த்து ஒரு டிராகனை வரைந்தாள். வெட்டி எடுத்த இடம் வெள்ளையாகும், விட்ட இடம் மை பிடிக்கும், ஒருமுறை வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. செதில் செதிலாக இரண்டு சனிக்கிழமை செதுக்கினாள். முதல் அச்சை உரித்துத் தூக்கியபோது மார்த்தா வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். கண்காட்சிச் சுவரொட்டிக்கு இதையே போடலாம் என்றாள். பிறகு எல்லா அச்சுகளையும் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு எண்ணினாள். டிராகன் இரண்டு இருந்தது. பன்றியைக் காணவில்லை.

மற்ற டிராகன் ஒரு கானாக்காரருடையது, எழுபத்தாறில் பிறந்தவர். மார்த்தா பட்டியலை எடுத்து வந்து விரலால் தடவினாள்.

"அம்பிகை, நீ எண்பத்து மூன்று என்று எழுதியிருக்கிறாய். எண்பத்து மூன்று பன்றி அல்லவா?"

கோபமில்லை, சந்தேகம்கூட இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். அந்த ஒரு வசனத்தில் பெர்மெஸ்ஸோ, வேலை, வீடு, கேசிகாவின் பள்ளிக்கூடம் எல்லாம் போகும்.

"வரிசை மாறிப் பார்த்துவிட்டேன்," என்றாள் இத்தாலியனில்.

"பரவாயில்லை. இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, பன்றியைச் செதுக்கு. இதை நீயே வைத்துக்கொள்."

வீட்டில் சொன்னபோது விமலராஜ் சாப்பிட்ட கையோடு எழும்பிவிட்டார்.

"உனக்கென்ன விசரே? குடியுரிமைக்குப் போட்ட சித்தாதினான்சா பேப்பர் உள்ளை கிடக்கு. இந்த நேரம் பார்த்து எண்பத்தெட்டு எண்டு சுவரிலை ஒட்டப் போறியோ?"

"நான் ஒண்டும் எழுதேல்லை அத்தான். ஒரு மிருகத்தைத்தான் கீறினனான்."

"அதையும் அவையின்ரை கணக்குப்படி கீறு. நீ பன்றிதான், அம்பிகை."

வீட்டுக்குள்ளேயும் அம்பிகைதான். கட்டிலில்கூட அப்படித்தான். நாக்குத் தவறிவிடக்கூடாது என்று ஆரம்பத்தில் பழகியது, இப்போது அவருக்கு மற்றப் பெயர் மறந்தே போயிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

பன்றியை அவள் கோபத்தில் செதுக்கினாள். அக்கா படுப்பாளே, முழங்காலை மடித்து, ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்து, வாயை லேசாகத் திறந்து, அப்படியே ஒரு தூங்கும் பன்றி. செய்து முடித்தபோது அது டிராகனைவிட நன்றாக வந்துவிட்டது. சுவரொட்டியில் அதுதான் ஏறியது. கண்காட்சியில் ஆட்கள் அதன் முன்னால்தான் கூடி நின்றார்கள். வலது மூலையில் பென்சிலால் கையெழுத்து வைக்கும் முறையை மார்த்தா சொல்லிக் கொடுத்திருந்தாள். முப்பது பிரதிகளிலும் அவள் முப்பது தடவை அம்பிகை என்று எழுதினாள். புகழ் முழுவதும் அக்காவுக்குப் போயிற்று. செத்துப் பத்தொன்பது வருடமான பிறகும் அக்காதான் முன்னுக்கு நிற்கிறாள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த கிழமை அக்காவின் திவசம் வந்தது. சாம்பவி குசினியில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது கேசிகா முன்னறையிலிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், அலுமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த டிராகன் அவள் கையில் விரிந்திருந்தது, உள்ளே வைத்திருந்த வருட அட்டவணையும் கூடவே.

"மம்மா, இது நீங்க கீறினதோ? பன்றியை விட வடிவு, பெல்லோ." பதினான்கு வயதுக்காரி அட்டவணையில் விரலை ஓட்டினாள். "சித்தி எந்த வருசம் பிறந்தவ?"

வாசலில் நின்ற விமலராஜ்தான் சொன்னார்.

"எண்பத்தெட்டு."

"அப்ப சித்திதான் டிராகன்! சித்திக்காகத்தான் கீறினீங்களோ மம்மா? அதுதான் ஒளிச்சு வைச்சனீங்களோ?"

"ஓம்," என்றார் விமலராஜ், மனைவியின் முகத்தைப் பார்க்காமல். "சித்திக்காகத்தான் அம்மா கீறினவ."

பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. டிராகனை எடுத்துப்போய்ச் சாமித்தட்டில், மாலை போட்ட படத்துக்குக் கீழே நாலு மூலையும் ஒட்டினாள். பார்த்தாள், திருப்தி வரவில்லை. பென்சிலைத் தேடி எடுத்து வந்து தாயின் கையில் கொடுத்தாள்.

"சித்தியின்ரை பேரை நீங்களே எழுதுங்கோ."

எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, சாம்பவி வலது மூலையில், மார்த்தா காட்டித் தந்த இடத்தில், சாம்பவி என்று எழுதினாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. எழுத்துக் கொஞ்சம் கோணிப்போயிற்று.

"வருசமும் போடுங்கோ மம்மா," என்றாள் கேசிகா. "பிறந்ததும் செத்ததும்."

அதையும் போட்டுவிட்டு, வாழைக்காய் கருகும் மணம் வரவே, அவள் குசினிக்குப் போனாள்.