வங்கு என்று சொன்னது யார்?

பேய், பிசாசு, காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தால் எல்லோரும் வேப்பிலை தேடுவார்கள், நான் மாத்திரை தேடுவேன், அதற்காகச் சண்டைகூட நடந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பார்க்கப்போகும் பார்வை எனக்கு இப்போதே தெரிகிறது. பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கும் புத்தூரில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். சொந்த ஊர் நகரி பக்கம், வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு. லீவு நாளில் மலையில் இருக்கும் பெயரில்லாத சின்னச் சின்னக் குகைகளை அளந்து படம் வரைவது எனக்கு ஒரு கிறுக்கு. கூட வருகிறவன் சலபதி, தெலுங்குக்காரன், பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். அவன் என்னிடம் தமிழ் பேசுவான், நான் அவனிடம் தெலுங்கு பேசுவேன், அவசரம் வந்தால் அவனவன் தாய்மொழிக்கு ஓடிவிடுவான்.

அன்று காலையில் அவனை அழைத்துப்போக அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவன் மனைவி பத்மஜா எங்கள் ஊர்ப் பெண். அவர்கள் காதல் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். அவளுக்கு அப்போது நிறைமாதம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னாண்ணா, இன்னைக்குப் போயே ஆவணுமா? எப்போ வலி எடுக்குமோன்னு நான் பயந்துக்கினு இருக்கேன். இந்தாள முழுசா கூட்டிக்கினு வந்து வுட்டுடு, சொல்லிட்டேன்."

"மத்தியானம் சோத்துக்கு உன் புருசன் இங்க இருப்பான், போம்மா" என்றேன். அப்போது அது எனக்கு ஒரு வாக்காகவே படவில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

நகரி மூக்கு மலை தெரியும் இல்லையா, ரயிலில் போனால் ஜன்னலில் தெரியுமே, அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சரிவில் இருந்தது குகை. ஆடு மேய்க்கிற ஒருவர் சொல்லித்தான் தெரியும். வாய் சின்னது, தவழ்ந்து போகவேண்டும், உள்ளே போனால் நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் சந்து மாதிரி குறுகல், ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நடக்கமுடியும். சலபதி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான், நான் வாய்ப்பக்கம் நின்று அளவைப் படித்தேன். ஒரு கையில் டேப், ஒரு கையில் டார்ச், எழுத ஏது மூன்றாவது கை? அதனால் செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அளவை வாயால் சொல்லிக்கொண்டே போவேன். வீட்டுக்கு வந்து கேட்டுப் படம் வரைவது வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சுவரில் பொந்து எதையாவது பார்த்தால் உடனே குரல் கொடுக்கவேண்டும். உள்ளே உடும்பு இருக்கும், பாம்பும் இருக்கும், படத்திலும் குறிக்கவேண்டும். பொந்தை எங்கள் பக்கம் வங்கு என்போம்.

கடைசி அளவைச் சொல்லி முடித்தேன். "வங்கு" என்று குரல் கேட்டது. கத்தல் இல்லை, பக்கத்தில் நிற்கிறவர் சொல்வதுபோல் சாதாரணமாக. சலபதி ஏதோ பொந்தைப் பார்த்துவிட்டான் என்று "எங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து சுவர் அடியில் டார்ச் அடித்தேன். பொந்தும் இல்லை ஒன்றும் இல்லை, வழவழ பாறை.

நம்பினால் நம்புங்கள், நான் இன்னும் நிமிரக்கூட இல்லை, தலைக்கு மேலே இடி இடித்தது. சந்தின் நீளத்துக்கும் ஒரு பலகைக்கல் ஒரு பக்கச் சுவரிலிருந்து சரிந்து, எதிர்ச்சுவரில் மோதி, அப்படியே குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து நின்றிருந்தால் எங்கள் தலை இருந்திருக்கும் உயரத்தில். கண்ணைத் திறக்க முடியாத தூசி. டேப்பை இழுத்துப் பார்த்தேன், அந்த முனையில் யாரும் பிடித்திருப்பதாகத் தெரியவில்லை. பத்மஜா இடுப்பில் கை வைத்து நின்றதுதான் முதலில் ஞாபகம் வந்தது. "சலபதீ!" என்று கத்தினேன், பதில் இல்லை, மறுபடி கத்தினேன்.

அவன் இருமினான். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மனுஷன் இருமுவது இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கல்லுக்கு அடியில் தவழ்ந்து வந்தான், நான் கையைப் பிடித்து இழுத்தேன், இரண்டு பேரும் வெயிலில் போய் விழுந்தோம். சிரிக்கிறோம், அழுகிறோம், தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறோம். அவன் நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை என்று நான் தடவித் தடவிப் பார்த்தேன்.

"நல்ல வேளைடா, வங்குன்னு சொன்னியே" என்றேன்.

அவன் முகம் மாறியது. "நேனா? நுவ்வே கதா செப்பாவு!" என்றான். நானா, நீதானே சொன்னாய் என்று.

தெலுங்கில் வங்கு என்றால் குனி. அது எனக்குத் தெரியாததா, சின்ன வயதிலிருந்து பேசுகிற பாஷை, ஆனால் அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. குனியச் சொல்லி நான்தான் அவனுக்குத் தெலுங்கில் சொன்னேன் என்று அவன் குனிந்திருக்கிறான். பொந்து இருக்கிறது என்று அவன்தான் எனக்குத் தமிழில் சொன்னான் என்று நான் குனிந்திருக்கிறேன். நீதான், நீதான் என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டோம், அப்புறம் செல்போன் ஞாபகம் வந்தது.

போட்டுக் கேட்டோம். நான் அளவு சொல்கிறேன். அப்புறம் அமைதி, என் மூச்சு மட்டும். அந்த அமைதியைத் தொடர்ந்து நான் "எங்க இருக்குது?" என்கிறேன், அதே நேரத்தில் உள்ளேயிருந்து அவன் "எந்துக்கு?" என்று, ஏன் என்று, கேட்கிறான். கல் விழுகிறது. எங்கள் பதில் இரண்டும் இருக்கின்றன, அந்த வார்த்தை இல்லை.

சோற்று நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். "இன்னாண்ணா இது, மண்ணுல பொரண்டுக்கினு வந்தாமாரி! கைகால் கழுவிக்கினு வந்து துன்னுங்க" என்று பத்மஜா திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது, நான் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கொஞ்ச நாளில் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பிள்ளையை அவன் தோளில் பார்க்கும்போதெல்லாம், சொன்னது யாராக இருந்தால் என்ன, நல்லா இருக்கட்டும் என்றுதான் நினைத்துக்கொள்வேன். பயமெல்லாம் போய்விட்டது என்றே இருந்தேன்.

போன மாதம் அவன் வீட்டில் உட்கார்ந்து அந்தக் குகை ரெக்கார்டிங்கைப் போட்டேன். பிள்ளை இப்போது இரண்டு பாஷையும் பேசுகிறாள், எங்கள் எதிரே நின்று பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதில் நான் அளவு சொல்லி முடித்தேன், அமைதி வந்தது. அவள் குனிந்தாள். அதற்குப் பிறகுதான் எங்கள் குரல் வந்தது. தற்செயல் என்று மறுபடி போட்டேன். அதே இடத்தில் மறுபடி குனிந்தாள், நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் செல்போனை அணைத்தேன். சலபதி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். யார் சொன்னார்கள் என்று அவளிடம் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை வாய் வரவில்லை.