விரதமிருந்து பிடுங்கிய பல்

டொக்டர், என்னை இத்தனை வருடமும் வலியோடு அலையவிட்டது நீங்கள்தான். பண்டத்தரிப்பிலிருந்து வந்து பல் பிடுங்கும் உங்கள் கதிரையில் ஏறி, ஊசியைக் கண்டதும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடியவள் நான். ஒருதரம் மட்டுமல்ல. நான் ஓடும்போது சிரித்தீர்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட நாளில், ஊசி போட்ட இடம் மரத்து விறைக்கும் முன்பே ஒருவர் என் பல்லைப் பிடுங்கினார். கையை அமத்திப் பிடிக்க ஆட்கள் வேறு. அன்றிலிருந்து அந்த ஊசிமருந்து மணம் பட்டாலே வாசலைப் பார்த்து ஓடுவேன். பயப்படாதே என்று புத்தி சொல்ல யாரும் வரவேண்டாம்.

கடைவாய்ப் பல் சொத்தை. முகம் வீங்கும், குளிசை போடுவேன், வற்றும், திரும்ப வீங்கும். பிடுங்காவிட்டால் சீழ் தாடைக்குள் இறங்கும் என்று நீங்களே சொன்னீர்கள். சாகவும் பயம், பிடுங்கவும் பயம்.

அப்போதுதான் தொண்டைமானாற்றிலிருந்து மச்சாள் வந்தாள். வீக்கத்தைப் பார்த்தாள்.

"உதுக்கு ஏனடி இப்பிடிக் கிடக்கிறாய்? நித்திரை மாதிரி வாறதுக்கு மருந்து ஏத்திப்போட்டுப் பிடுங்குவினம். நான் அப்பிடித்தானே பிடுங்கினனான்."

"எங்கை?"

"உன்ரை டொக்டரிட்டைத்தான்."

வந்து கேட்டேன். "ஓம், இருக்கு. நீங்கள் கேக்கேல்லையே," என்றீர்கள். பல் நோகாமல் இருந்திருந்தால் உங்களைக் கடித்திருப்பேன்.

பிரஷர், சீனி, போடுகிற குளிசை எல்லாம் விசாரித்து நாள் தந்தீர்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், துணையோடு வரச் சொன்னீர்கள்.

"விரதம் மாதிரியோ?" என்று கேட்டேன்.

"ஓம், விரதம் மாதிரித்தான்," என்றீர்கள்.

அப்படியே வந்தேன்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று தாதி கேட்டாள்.

"ஒண்டும் இல்லை. பாலும் ரண்டு கதலிப்பழமும்."

"அம்மா, அது சாப்பாடு."

"விரதத்துக்கு அது சாப்பாடில்லைப் பிள்ளை."

பின்னால் நின்ற என் கணவர், "கந்தசட்டி விரதத்துக்கு இதைவிடக் கூட எடுக்கிறவ," என்றார். தாதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. அரை நித்திரையில் சத்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் போகலாம் என்று விளக்கித் திருப்பி அனுப்பினீர்கள். அதை முதலே சொல்லியிருக்கலாம்.

அடுத்த கிழமை உண்மையாகவே வெறும் வயிற்றோடு வந்தேன். கையில் ஒரு சின்ன ஊசி. வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிவிட்டு வந்து மத்தியானம் சரிந்தால் ஒரு நித்திரை வருமே, அப்படி வந்தது. பல்லைச் சுற்றிய முரசில் விறைப்பு ஊசியும் போட்டீர்களாம். வாயைத் திற என்றால் திறந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

"எப்ப துடங்குவியள்?" என்று கண் திறந்ததும் கேட்டேன்.

"முடிஞ்சுதம்மா."

ஓட்டோவில் கணவர் என்னைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சரப்பா, அரை நித்திரையிலை டொக்டருக்கு ஒரு மூடை வெங்காயம் தாறன் எண்டு சொல்லிப்போட்டு வாறாய்."

"நான் சொல்லுவனோ?"

"தாதிப் பிள்ளைக்கும் சொன்னனி. ஓட்டோக்காரனுக்குச் சொல்லமுந்தி நான் வாயைப் பொத்திப்போட்டன்."

வாயில் பஞ்சோடு, பண்டத்தரிப்புச் சந்தி வரும்வரை சிரித்தேன். புண் ஆறியபின் நண்டு வாங்கி, இரண்டு பக்கத்தாலும் கடித்துத் தின்றேன். சந்தோசம் என்றால் அதுதான்.

உங்கள் வாசலில் இன்றும் ஆட்கள் தாடையைப் பொத்திக்கொண்டு, ஓடுவதா இருப்பதா என்று நடுங்குகிறார்கள். அவர்கள் முன்னால் வந்து நில்லுங்கள். இப்படி ஒரு வழி இருப்பதை, கேட்கத் தெரியாதவளுக்கு நீங்களாக ஏன் சொல்லவில்லை? என் காதுக்குள் சொல்லவேண்டாம். எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.