ஜரிகை சுற்றிய கம்ப்யூட்டர்

வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த வேலை ஒன்றுதான். ஒரு கம்ப்யூட்டர் கட்டினேன். கேம் ஆடுவதற்கு. அதுவும் வேனில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதற்கு. அது இன்றைக்கும் ஓடுகிறது. எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

எங்களுடையது புடவைக் கண்காட்சிப் பிழைப்பு. காஞ்சிபுரத்தில் அப்பா நெய்வார். அண்ணன் வேனை ஓட்டிக்கொண்டு போய் ஸ்டால் போடுவான். நான் புடவையைத் தோளில் போட்டுக் காட்டி விற்பேன். ஓர் ஊரில் பத்து நாள், பிறகு அடுத்த ஊர். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு ஐந்து வருடமாக இப்படித்தான் நிற்கிறேன்.

பகலெல்லாம் சிரிக்க வேண்டும். பத்துப் புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு "அப்புறம் வரேன்மா" என்று போகிறவளிடமும் சிரிக்க வேண்டும். எனக்கென்று இருந்தது காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான். ஹால் காலியாக இருக்கும், கரண்ட் இருக்கும். நாலு பேர் சேர்ந்து ஆடும் ஒரு டீமில் நானும் ஒருத்தி. மற்ற மூவரையும் நேரில் பார்த்ததில்லை. நான் புடவை விற்கிறவள் என்று அவர்களுக்குத் தெரியாது. அங்கே யாரும் என்னிடம் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை. குறி தப்பினால் திட்டுவார்கள், நானும் திட்டுவேன். அந்த மூன்று மணி நேரம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஹால் தூசியிலும் வேன் குலுக்கலிலும் இரண்டாவது லேப்டாப்பும் செத்தபோது உட்கார்ந்து அழுதேன். அப்போது அண்ணன் சொன்னதை மறக்க முடியாது.

"இன்னாமா இதுக்குப் போயி அழுவுற? நல்லதா ஒண்ணு நீயே கட்டிக்கோ. வேன்ல எடம் நான் தரேன். நீ சந்தோஷமா இருந்தாத்தான் யாவாரம் நடக்கும்."

உருகிப் போனேன். எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். கடைசி வாக்கியத்தை அப்போது சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

பெட்டியை கிரில் பட்டறைக்காரரிடம் சொல்லிச் செய்தேன். அலுமினியத் தகடு, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி அக்ரிலிக். அளவு சரியாக ஒரு புடவைப் பெட்டி அளவு, ஏனென்றால் வேனில் இருக்கும் தட்டுகள் அதற்குத்தான் அடித்தவை. உள்ளே, கடையில் கிடைப்பதிலேயே சின்ன மதர்போர்டு. அது குலுங்காமல் இருக்க நாலு மூலைக்கும் பைக் மெக்கானிக்கிடம் வாங்கிய ரப்பர் வாஷர். தூசிக்குக் கொசுவலைத் துணி இரண்டு மடிப்பு. மேலே பழைய சூட்கேஸ் கைப்பிடி. பட்டறைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னாம்மா விக்கப் போற?" என்று கேட்டார். எதையும் விற்காத பெட்டி அண்ணா என்றேன். எனக்கு அன்று வாய்க்கொழுப்பு.

கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழசு. அதை வாங்கச் சென்னைக்குப் போய் நாள் முழுக்க அலைந்தேன். பழைய கார்டைப் பளபளவென்று துடைத்துப் புதுசு என்று தள்ளிவிடுவார்கள், மட்டமான கார்டுக்கு உசந்த கார்டின் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கழற்றிய தடம் இருக்கிறதா என்று திருகாணியைப் பார்த்தேன், நம்பரைச் சரிபார்த்தேன், கருகல் வாடை வருகிறதா என்று கார்டை முகர்ந்துகூடப் பார்த்தேன். கடைக்காரர் சத்தியம் செய்தார். "சத்தியமெல்லாம் வேணாம், போட்டுக் காட்டு" என்றேன். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஆசை வந்தது. டீமில் ஆளாளுக்குத் தங்கள் கம்ப்யூட்டரின் கலர் விளக்குகளைப் படம் எடுத்துப் போடுவார்கள். என்னிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறதே. உள்ளே ஓடும் ஒயர்களுக்கெல்லாம் காஞ்சிபுரம் ஜரிகையைச் சுற்றிவிட்டால், விளக்கு வெளிச்சத்தில் அக்ரிலிக் வழியாக எப்படி மின்னும். தறிக்கு அடியில் விழுந்துகிடந்த ஜரிகை மிச்சத்தை ஒரு பிடி எடுத்துவந்தேன்.

ஆனால் ஜரிகை வெள்ளியாயிற்றே. கரண்ட் பாயும். ஒரு இழை போர்டில் பட்டால் போதும், எல்லாம் எரிந்துவிடும். கரண்ட் பாயாமல் தடுக்க வார்னிஷ் எத்தனை பூச்சு பூச வேண்டியிருக்குமோ என்று பார்க்க, கரண்ட் பாய்ந்தால் சத்தம் போடும் மல்டிமீட்டரை எடுத்து இழையின் இரண்டு முனையிலும் வைத்தேன்.

மீட்டர் சத்தம் போடவில்லை.

பேட்டரி போய்விட்டதோ என்று இரண்டு முள்ளையும் ஒன்றோடு ஒன்று தொட வைத்தேன். கீ என்று கத்தியது. ஜரிகையில் வைத்தால் வாயே திறக்கவில்லை. செம்பு ஜரிகையாக இருந்தால்கூடச் சத்தம் வந்திருக்கும். பிளேடால் சுரண்டினேன். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும் என்று ஸ்டாலில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். யாரும் சுரண்டிப் பார்த்ததில்லை, புதுப் புடவையை யார் சுரண்டுவார்கள். இதில் வெள்ளையாக ஏதோ இருந்தது. தீக்குச்சியில் காட்டினேன். சுருண்டு, கறுத்து, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது.

பீரோவைத் திறந்து அம்மாவின் முகூர்த்தப் புடவையை எடுத்தேன். பார்டரில் முள்ளை வைத்ததுமே கத்தியது. பிறகு மறுநாள் வேனில் ஏற்ற வைத்திருந்த கட்டைப் பிரித்து, பார்டரைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு புடவையிலும் வைத்தேன். ஒன்றுகூடக் கத்தவில்லை. அத்தனையையும் நான்தான் விற்கப் போகிறேன், "அசல் வெள்ளி ஜரிகைம்மா, என் அப்பா நெஞ்சது" என்று கையில் அடித்துச் சொல்லி.

ஆத்திரத்தில் அந்த ஒரு பிடி ஜரிகையையும் ஒயர்களில் சுற்றித் தீர்த்தேன். வார்னிஷ் பூசவில்லை. எதற்குப் பூச வேண்டும்?

மறுநாள் பெங்களூர் ரோட்டில் திருப்புட்குழி பிரியும் இடத்தில் அண்ணன் வழக்கம்போல டீக்கு நிறுத்தினான்.

"அண்ணா, நம்ப ஜரிகை பிளாஸ்டிக்கா?"

டீயை ஊதிக்கொண்டே கேட்டான். "யாரு சொன்னா?"

"மீட்டரு சொல்லுது."

"ஓ" என்றான். அவ்வளவுதான். திருடன் மாட்டிக்கொண்ட முகமே இல்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவுரு கையால நெய்யிறாரு, அவுருக்குத் தெரியாதா? அம்மாவுக்கும் தெரியும். நீ தறியில உக்காந்திருந்தா உனுக்கும் கையிலயே தெரிஞ்சிருக்கும். நீதான் எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டர நோண்டிக்கினு இருக்கியே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கெட்டுதுமா. உனுக்குப் பொய் வராது. உன் மூஞ்சியப் பாத்துத்தான் ஜனம் நம்பிக்கினு வாங்குது. உள்ள ஒண்ணு வெச்சிக்கினு நின்னீன்னா மூஞ்சிலயே தெரிஞ்சிடும்."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னான். அந்த டம்ளரைப் பிடுங்கி அவன் மேல் ஊற்றலாம் என்றிருந்தது. ஐந்து வருடமாக நான் சம்பாதித்தது என்று நினைத்த நம்பிக்கை என்னுடையது இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத்தான் இவர்கள் விற்றிருக்கிறார்கள். வேனில் இடம் கொடுத்ததும், கம்ப்யூட்டர் கட்டிக்கொள்ளச் சொன்னதும், நான் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தான்.

"இனிமே அசல்னு என் வாயால சொல்லமாட்டேன்" என்றேன்.

"சொல்லாத. சும்மா சிரி, போதும்" என்றான்.

ஓசூரில் இரண்டு நாள் சிரித்தேன். யார் ஜரிகையைப் பற்றிக் கேட்டாலும் அண்ணன் பக்கம் கையைக் காட்டினேன். மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்தார்கள். கூட மகள், தை மாதம் கல்யாணம். அரக்கு நிறப் புடவையைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணன் "அசல்தாங்க" என்றதை அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ சொல்லும்மா. நீயும் கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு. ஜரிகை அசல்தானே?"

மீட்டர் என் பையில்தான் இருந்தது. எடுத்து வைத்துக் காட்டியிருக்கலாம். இல்லை என்று தலையாவது ஆட்டியிருக்கலாம். ஆனால் இல்லை என்றால் ஸ்டால் இல்லை. ஸ்டால் இல்லையென்றால் வேன் இல்லை, காலை ஆறு மணி இல்லை, என்னைத் திட்டுவதற்கு அந்த மூன்று பேர் இல்லை. வீட்டுக்குப் போவேன், ஆறு மாதத்தில் யாருக்காவது கட்டிவைப்பார்கள். இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேன். யோசிக்காமல் சொன்னேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

"அசல்தாம்மா" என்றேன். "என் அப்பா நெஞ்சது."

என் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இனி என்னிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. பொய்யைக்கூட மன்னித்துவிடுவேன், அந்த நிம்மதியை மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் போய்விட்டோம். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். இப்போது அண்ணன் பக்கம் கைகாட்டுவதுகூட இல்லை. காலையில் ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போடுகிறேன். விளக்கு எரிகிறது, ஒயர்களில் ஜரிகை தங்கமாக மின்னுகிறது. டீமில் படம் போட்டபோது, "இது ஒரிஜினல் காஞ்சிபுரமா?" என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன்.

இந்த வேன் ஏறி இறங்காத பள்ளம் இல்லை. சுற்றிய ஜரிகை தளர்ந்து இரண்டு மூன்று இடத்தில் போர்டின் மேலேயே கிடக்கிறது. இதுவரை ஒரு தடவைகூட ஷார்ட் ஆகவில்லை.