நீல டியூபும் ஒரு துண்டு ஈரலும்

தேனி பஜாரில் கடை வைத்து முப்பது வருசம் ஆஸ்பத்திரி மெஷின்களுக்கு சர்வீஸ் பார்த்தவன் நான். என் கை பட்டு ஓடாத மெஷின் கிடையாது என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தவன். அந்தத் திமிரைத் தேவாரத்து மூன்று வயசுப் பிள்ளை ஒன்று அடக்கியது.

பிள்ளை பேர் யாழினி. பிறந்ததிலிருந்தே மஞ்சள் காமாலை, அதுவும் எங்கோ ஒரு பிள்ளைக்கு வருகிற பரம்பரை நோவு. ரத்தத்தில் சேருகிற மஞ்சளை முறிக்கிற சத்து அவள் ஈரலில் பிறவியிலேயே இல்லை. தினமும் பன்னிரண்டு மணி நேரம் நீல விளக்குக்கு அடியில் படுக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் மஞ்சள் மூளைக்கு ஏறிவிடும். அந்த போட்டோதெரபி விளக்கை வீட்டில் பூட்டிக் கொடுத்தது நான்தான்.

ஒரு மழைக்காலத்தில் டியூபெல்லாம் போய்விட்டது. கம்பெனி டியூப் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். திருவிழாவுக்குக் கட்டுகிற நீல டியூபை வாங்கி மாட்டிவிட்டேன். வீடே ஜம்மென்று நீலமாகிவிட்டது. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

நாலாம் நாள் பிள்ளையின் அம்மா செல்வி போன் பண்ணினாள். ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள்.

"அண்ணே, பிள்ள எந்திரிக்கவே மாட்டேங்குது. கண்ணு எலுமிச்சம்பழமா இருக்கு. லைட்டுல ஏதோ கோளாறுண்ணே."

"லைட்டு எரியுதா?"

"எரியுதுண்ணே."

"பிறகென்ன ஆத்தா!" என்று எரிந்து விழுந்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. திரும்ப போன் போட்டு, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லிவிட்டு, வெளிச்சம் அளக்கிற மீட்டரோடு தேவாரம் போய் அந்த விளக்கை அளந்தேன். இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. கண்ணுக்குத்தான் நீலம், மருந்தாகிற வெளிச்சம் அதில் இல்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடமும் செல்வியிடமும் ஒத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா காய்ச்சி எடுத்துவிட்டார். "நல்லவேளை, மூளைக்கு ஏறல. இவ வளர வளர எந்த லைட்டும் பத்தாது. ஈரல மாத்தித்தான் ஆகணும்."

செல்வியே கொடுப்பதாக முடிவானது. "ஒரு துண்டு போதுமாம்ணே. வெட்டுன ஈரல் திரும்ப வளந்துருமாம்," என்றாள்.

"ஈரல் என்ன முருங்கையா, வெட்ட வெட்ட வளர?" என்றேன் நான், மெத்தப் படித்தவன் மாதிரி.

கேரளாவில் ஆபரேஷன். மூன்று வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். மாஸ்க்கை மாட்டி உள்ளே விட்டார்கள். பழக்க தோசத்தில் என் கண் கட்டிலுக்கு மேலே விளக்கைத் தேடியது.

"லைட் எங்கம்மா?"

"இனி வேண்டா சேட்டா," என்று நர்ஸ் சிரித்தாள்.

யாழினி திரும்பிப் பார்த்தாள். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. மூன்று வருசமாக அந்தக் கண்ணை மஞ்சளாகவே பார்த்தவன் நான். டியூப், இன்வெர்ட்டர், பேட்டரி என்று நான் மாரடித்த வேலையை, ஒயரும் பிளக்கும் இல்லாமல் உள்ளங்கையளவு சதை பார்த்துக்கொண்டிருந்தது. பெற்றவள் வயிற்றில் வெட்டிய ஈரலும் திரும்ப வளர்கிறதாம். உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுதுவிட்டேன்.

"என்னை மன்னிச்சிரு தாயி," என்றேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வியிடம்.

"நீங்க செஞ்சத மறக்க முடியாதுண்ணே. ஆனா ஒளிக்காம வந்து சொன்னீகள்ல," என்றாள்.

தொழிலுக்குப் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: பெற்றவள் போன் பண்ணினால், விளக்கு எரிகிறதா என்று கேட்காதீர்கள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.